இடது ஓரத்து முகவரி

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டிருந்த சித்தி இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மூச்சு வருகிறதா என்று பார்த்தாளோ என்னவோ! பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்டுக் குடைந்தபோதுகூட விடாமல் பேசியவன் அவன். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பேர் வந்ததே அதனால்தான். முப்பது வயது ஆகியும் அந்தப் பேர் போகவில்லை.

"டேய், உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல சித்தி."

"அப்போ மனசுக்குத்தான். சொல்லித் தொலை. நீ பேசாம இருந்தா எனக்கு கியர் மாத்தவே வரமாட்டேங்குது."

சித்தி அவனுடைய அம்மாவின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கேஸ்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். ஆட்களைப் படிப்பது அவள் வேலை. கம்ப்யூட்டரைப் படிப்பது ரேடியோவின் வேலை. அந்த இரண்டாவது வேலையில்தான் இப்போது வில்லங்கம்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இதய ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் வரிசையை ஒரு வெப் அப்ளிகேஷனில் வைத்திருந்தார்கள். வரிசையை மாற்றும் அதிகாரம் ஹெட் நர்ஸின் லாகினுக்கு மட்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ அந்த லாகினில் நுழைந்து ஒரு பெண் நோயாளியை நாலு பேருக்கு முன்னால் தூக்கி வைத்துவிட்டார்கள். முதலில் இருந்த லாரி டிரைவர் பின்னால் போனார். மூச்சு வாங்க மூச்சு வாங்க அவர் போட்ட சத்தத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. நிர்வாகி சித்தியைக் கூப்பிட, சித்தி அதை ரேடியோவிடம் தள்ளிவிட்டாள். அவன் நாற்காலியை விட்டு எழாமலே லாகை, அதாவது யார் எப்போது எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற கம்ப்யூட்டர் பதிவைப் புரட்டி, 'மாற்றம் ஹெட் நர்ஸின் வீட்டு இணைப்பிலிருந்துதான் செய்யப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துக் கொடுத்தான். நிர்வாகி கை கொடுத்தார். ஹெட் நர்ஸ் சஸ்பெண்ட் ஆனார். இன்று மூன்று மணிக்கு விசாரணை.

நேற்று வரைக்கும் ரேடியோவின் காலர் தூக்கியே இருந்தது. இன்று காலையில் அந்த ஹெட் நர்ஸே போன் செய்தார். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு திட்டுக்கு நாலு ஜோக் அடித்து அவன் தப்பித்திருப்பான். அந்த அம்மா திட்டவே இல்லை.

"தம்பி, எங்க வீட்டுலருந்துதான்னு உறுதியாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா."

"சரிப்பா. நான் பண்ணல. எங்க வீட்டுல மிச்சம் இருக்கறது என் மக ஒருத்திதான். மூணு மணிக்கு நானே பண்ணேன்னு ஒத்துக்கறேன். அவ பேரு மட்டும் எங்கேயும் வராம பாத்துக்கங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ரேடியோ இதைச் சொல்லி முடித்ததும் சித்தி காரை ஓரமாக நிறுத்தினாள்.

"அந்த வீட்டுக்கு நீ போனியா?"

"இல்ல."

"அந்தம்மாவ நேர்ல பாத்தியா?"

"இல்ல சித்தி. லாக்லயே எல்லாம் தெளிவா..."

"தெளிவா இருந்துச்சாம்! கிணத்துல விழுந்தவன்கூட அப்படித்தான் சொல்வான். அட்ரஸ் சொல்லு, அங்க போறோம்."

*

ஹெட் நர்ஸ் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சஸ்பெண்ட் ஆனவருக்குக் கோட்டு எதற்கு என்று கேட்க ரேடியோவுக்கு நாக்கு வரவில்லை. அவராகவே சொன்னார்.

"கடைசித் தடவை. கசங்கலோட போகக்கூடாதில்ல."

கூடத்தை ஒட்டியிருந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. அதற்குள்தான் மகள் இருக்கிறாள் என்று அவர் கண்ணாலேயே காட்டினார்.

"அவளுக்கு என் பாஸ்வேர்ட் தெரியும். சாயங்காலத்துல வார்டுக்கு வந்து, படிக்க முடியாதவங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவா. அந்த முன்னால போன அம்மா இருக்காங்களே, அவங்கமேல இவளுக்கு உயிரு. 'அவங்க பொழைக்கணும்மா'ன்னு ஒருநாள் சாப்பிடாமகூட அழுதா. இரக்கப்பட்டுப் பண்ணிட்டா மேடம். வேற கெட்ட எண்ணம் இருக்காது."

"நீங்க அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள் சித்தி.

இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது. "கேட்டேன். 'நீயா'ன்னு கேட்டேன். ஒண்ணுமே சொல்லாம உள்ள போயிட்டா. அன்னைலருந்து பேச்சு இல்ல. இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பாளே!"

ரேடியோ தரையைப் பார்த்தான். ஒரு வரி, அவன் தட்டிய ஒரே ஒரு வரி. அது இந்தக் கூடத்துக்குள் வந்து, அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தது. சத்தியமாக அவனுக்கு அப்போது எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கத்தில் இரண்டு திருகாணி ஓட்டை, அதைச் சுற்றிப் பெயின்ட் மங்காத ஒரு சதுரம். எதிர்ச் சுவரில், இன்னும் பிளாஸ்டிக் தாள்கூட முழுசாக உரிக்காத ஒரு புது இணையப் பெட்டி பச்சை விளக்கோடு கண் சிமிட்டியது.

"இது இங்கிருந்து அங்க போயிருக்கே. எப்போ?"

"அதுவா? பழைய கம்பெனிக்காரன் படுத்தி எடுத்தான். போடான்னு சொல்லிட்டு வேற கம்பெனிக்கு மாறிட்டோம். என் மகளோட பரீட்சைக்கு முன்னாடியே."

"பரீட்சை எப்போ?"

"அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

கம்பெனி மாறினால் இணைப்பின் எண் முகவரியும் மாறும். வரிசை மாறியது போன மாதம். லாகில் இருந்த ஐ.பி. முகவரியோ, இந்த அம்மா பழைய நாளில் வீட்டிலிருந்து லாகின் செய்தபோதெல்லாம் பதிவான அதே முகவரி. அதை இதோடு பொருத்தித்தான் அவன் தீர்ப்பே எழுதினான்.

"கம்பெனி மாறினப்புறம் வீட்டுலருந்து லாகின் பண்ணீங்களா?" என்று கேட்டான் ரேடியோ.

"ஒரு தடவைகூட இல்லப்பா. எனக்குப் பகல் டூட்டி ஆயிடுச்சு. எல்லாம் வார்டுலயே முடிஞ்சுடும்."

"அப்போ போன மாசம் அந்த முகவரி உங்களோடதே இல்லம்மா!"

ஹெட் நர்ஸுக்கு அது புரியவில்லை. ரேடியோ சொன்னது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம். சித்தி சட்டென்று இடையில் புகுந்தாள்.

"உங்க பழைய இணைப்போட நம்பர் வெளி ஆள் யாருக்காவது தெரியுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"நம்பர்னா... அந்தப் புள்ளி புள்ளியா இருக்குமே, அதுவா? எனக்கே தெரியாது மேடம். ஒரே ஒரு தடவை படிச்சுச் சொல்லியிருக்கேன். வீட்டுலருந்து உள்ள போக முடியலன்னு நம்ம கம்ப்யூட்டர் தம்பிக்குப் போன் பண்ணேன். அவர்தான் அந்த அப்ளிகேஷனையே எழுதினவர். ஏதோ ஒரு பக்கத்தத் தொறக்கச் சொல்லி, அதுல வர்ற நம்பரைப் படிக்கச் சொன்னார். படிச்சேன். சாயங்காலமே சரி பண்ணிட்டார். தங்கமான பையன்."

சித்தியும் ரேடியோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு மணிக்கு நாங்க வர்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க," என்றாள் சித்தி.

"எனக்குச் சாக்குச் சொல்லி இழுக்கத் தெரியாது மேடம். கேட்டா ஒத்துக்குவேன்." ஹெட் நர்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்கணும். நான் கிளம்பறேன்."

சாத்திய கதவைத் தாண்டும்போது அவர் ஒரு நொடி நின்றார். தட்டவில்லை. போய்விட்டார்.

*

"இப்போ எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றாள் சித்தி, காரைக் கிளப்பிக்கொண்டே. "அந்த லாக்ல என்னதான் இருக்கு?"

"ஆஸ்பத்திரி சர்வருக்கு முன்னால ஒரு ப்ராக்ஸி நிக்குது சித்தி. வர்ற ஆளுங்களை எல்லாம் வாங்கி உள்ள அனுப்பறது அதுதான். அதனால சர்வர் கண்ணுக்கு எல்லாருமே அந்த ப்ராக்ஸிகிட்டருந்து வர்ற மாதிரிதான் தெரியும். முதல்ல நிர்வாகி அதப் பாத்துட்டு, 'எல்லாம் ஒரே மெஷின்லருந்து வந்திருக்கு, அந்த மெஷின்காரனப் பிடிங்க'ன்னு குதிச்சாரே, ஞாபகம் இருக்கா?"

"நீ விழுந்து விழுந்து சிரிச்சியே."

"சிரிச்சேன்." என்றான் ரேடியோ. "நிஜமா வந்த ஆள் யாருன்னு தெரியறதுக்கு, கூடவே ஒரு முகவரி வரிசை வரும். அதுல ரெண்டு முகவரி இருந்துச்சு. இடது பக்கம் ஹெட் நர்ஸ் வீட்டோடது. வலது பக்கம் இன்னொண்ணு. இடது ஓரத்துல இருக்கறதுதான் கிளம்பின இடம், மத்தது வழியில இருக்கற மெஷின்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் இடதையே எடுத்துக்கிட்டேன்."

"அந்த இடது ஓரத்துல எழுதறது யாரு?"

"வர்ற ஆளு அனுப்பறதை ப்ராக்ஸி அப்படியே..." ரேடியோ பாதியில் நின்றான்.

சித்தி திரும்பவே இல்லை. "இன்ஷூரன்ஸ்ல எனக்கு முதல் வருஷம் ஒரு கவர் வந்துச்சு. வெளியூர்லருந்து அனுப்பினதா முதுகுல பெரிசா அனுப்புநர் முகவரி. நான் நம்பி அந்த ஊர் வரைக்கும் போயிட்டு வந்தேன். என் பெரிய அதிகாரி கவரைத் திருப்பிக் காட்டினார். தபால் முத்திரை எங்க ஆபீஸுக்குப் பின் தெருவுல குத்தினது. அனுப்புநர் முகவரிய எவன் வேணா என்ன வேணா எழுதலாம்டா. முத்திரைய தபால் ஆபீஸ்தான் குத்தும்."

"வலது பக்கம்," என்றான் ரேடியோ. "ப்ராக்ஸி தன் கண்ணால பாத்த முகவரிய வரிசையோட கடைசியில ஒட்டும். முத்திரை வலது பக்கம் இருக்கு சித்தி. நான் அனுப்புநரைப் படிச்சுட்டுத் தீர்ப்பு எழுதிட்டேன்."

"நானும்தான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் பேரு என்னோடது." சித்தியின் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். "அந்த வலது பக்க நம்பர் உன்கிட்ட இருக்கா?"

அவன் போனை எடுத்தான். இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. ஒரு கமாவுக்கு அந்தப் பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கண்ணைத் திருப்பிப் பார்க்க அவன்தான் மெனக்கெடவில்லை.

*

கம்ப்யூட்டர்காரரின் வேலை அறை ஒரு டயர் கடைக்கு மேல் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை. இரண்டு மேஜை, மூன்று திரை, ஒரு மடக்குக் கட்டில். திரை ஓரத்தில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருந்தது. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆனால் கண்ணுக்குக் கீழே ஐம்பது தெரிந்தது. ரேடியோவை அவருக்குத் தெரியும். லாகை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

"வாங்க, உக்காருங்க. இன்னைக்குத்தானே விசாரணை?"

"ஆமாப்பா," என்றாள் சித்தி, உலகத்திலேயே அப்பாவியான முகத்தோடு. "போற வழியில ஒரு சின்ன உதவி. நிர்வாகிக்கு ஒரு போட்டோ அனுப்பணும். இங்க சிக்னலே வரமாட்டேங்குது. உங்க வைஃபை கொஞ்சம் குடுக்கறீங்களா? இவன் போன்ல போட்டுக்கட்டும்."

ரேடியோவுக்குப் புல்லரித்தது. அடடா, சித்தி! அந்த வைஃபையில் சேர்ந்துவிட்டால், 'என் முகவரி என்ன' என்று அவனே போனில் பார்த்துவிடலாம். லாகில் இருந்த வலது பக்க எண்ணோடு பொருந்தினால் முடிந்தது கதை.

ஆனால் எதிரில் இருந்தவர் அந்த வேலையிலேயே ஊறியவர். வைஃபை கேட்டதும் அவர் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. சித்தியைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"குடுங்க," என்று கையை நீட்டினார்.

ரேடியோ போனைக் கொடுத்தான். அவரே பாஸ்வேர்டைத் தட்டினார். ஒருமுறை தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ரேடியோ பார்த்தான். எண்ணுக்கு எண், புள்ளிக்குப் புள்ளி, வலது பக்கத்து முகவரி.

"அடப்பாவி!" ஆத்திரத்தில் எழுந்தேவிட்டான். "அந்தம்மா உங்களைத் தங்கம்னு சொல்றாங்கய்யா! அவங்க நம்பி ஒரு நம்பரைப் படிச்சுக் காட்டினா, அதையே அவங்க கழுத்துல கட்டித் தொங்கவிட்டுட்டீங்களே! எவ்வளவு திட்டம் போட்டிருக்கணும்!"

"திட்டம் இல்ல," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"பின்ன அந்த முகவரி தானா பறந்து வந்துச்சா?"

"அது முன்னாடியே அங்க இருந்துச்சு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அப்ளிகேஷனைச் சோதிக்கிற ஒரு மென்பொருள். அதில் 'ஹெட் நர்ஸ், வீடு' என்று சேமித்து வைத்த ஒரு பட்டன். "அவங்களால வீட்டுலருந்து நுழைய முடியலன்னு சொன்னப்போ, அவங்க வீட்டுலருந்து வர்ற மாதிரியே நான் இங்க உக்காந்து நுழைஞ்சு பாத்தேன். அவங்க லாகின், அவங்க முகவரி ரெண்டையும் இதுல போட்டேன். வேலை முடிஞ்சுது. அழிக்க மறந்துட்டேன். போன மாசம்..." அவர் திரை ஓரத்துப் படத்தைப் பார்த்தார். "என் அக்கா. என்னை வளர்த்தவ. வரிசையில அஞ்சாவது. அஞ்சாவது வர்ற வரைக்கும் தாங்க மாட்டான்னு டாக்டர் முகத்துலயே தெரிஞ்சுது. ஹெட் நர்ஸ் தினமும் வரிசைய எத்தனையோ தடவை மாத்துவாங்க, அதுல இதுவும் ஒண்ணாப் போயிடும்னு நெனைச்சேன். இந்த பட்டனை அமுக்கினேன். லாகின் மட்டும்தான் என் ஞாபகத்துல இருந்துச்சு. கூடவே முகவரியும் ஒட்டிக்கிட்டுப் போகுதுன்னு தெரியவே தெரியாது."

ரேடியோவின் ஆத்திரம் பாதியில் நொண்டியது. பயங்கரமான மூளைக்காரன் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்ததாக நினைத்துக்கொண்டு நின்றவனுக்கு முன்னால், ஒரு பட்டனை அழிக்க மறந்த ஆள்தான் உட்கார்ந்திருந்தார்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றாள் சித்தி.

"லாகை உங்களுக்கு எடுத்துக் குடுத்த அன்னைக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி பாத்தேன். இடது பக்கம் அவங்க வீடு, வலது பக்கம் என் ரூம்." அவர் முகத்தைக் கைகளால் அழுத்தித் துடைத்தார். "பொய் சொல்லல மேடம். அவங்க முகவரிய அங்க பாத்ததும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒரு நிமிஷம்தான். ஆனா இருந்துச்சு. முகவரி போனது மறதி. அந்த நிம்மதி மறதி இல்லையே."

அவர் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்புறம் வலது பக்கத்தை வெட்டிட்டு அனுப்பலாம்னு கை போச்சு. வெட்டல. நானா சொல்றதுக்கு தைரியம் இல்ல. இவர் படிச்சவரு, கண்டுபிடிச்சுடுவாரு, நாளைக்கு வந்து கதவைத் தட்டுவாருன்னு முழுசா அனுப்பி வச்சேன்." அவர் ரேடியோவை நேராகப் பார்த்தார். "நீங்க வரவே இல்ல. 'ஹெட் நர்ஸ் வீடு'ன்னு ரிப்போர்ட் வந்துச்சு."

அடிவயிற்றில் குத்து விட்டிருந்தால்கூட ரேடியோ தாங்கியிருப்பான். ஒருவன் தன்னைப் பிடிக்கச் சொல்லித் தடயத்தைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறான். இவன் அதை வாங்கி, தட்டை மட்டும் பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒரு அம்மாவின் வீட்டில் போய் எறிந்திருக்கிறான். இருவரில் யார் பெரிய குற்றவாளி என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

"அந்தம்மா இப்போ என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றான் மெதுவாக. "மக பண்ணிட்டான்னு நெனைச்சுக்கிட்டு, தான் பண்ணதா ஒத்துக்கப் போறாங்க."

கம்ப்யூட்டர்காரர் எழுந்துவிட்டார். செருப்பைத் தேடினார். ஒன்று கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அது கைக்கு எட்டுவதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். ரேடியோ குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"அக்கா இப்போ நடக்கறா சார். ஒவ்வொரு தடவையும் 'கடவுள் புண்ணியம்டா'ங்கறா. என்னால அவ முகத்தப் பாக்க முடியல."

*

விசாரணை அறைக் கதவைத் திறந்தபோது ஹெட் நர்ஸ் எழுந்து நின்றிருந்தார். மேஜைக்குப் பின்னால் நிர்வாகி, பக்கத்தில் இரண்டு டாக்டர்கள். "நான்தான்..." என்று அவர் ஆரம்பித்திருந்தார்.

"இல்லங்க!" என்று கத்தினான் ரேடியோ. "அந்த ரிப்போர்ட் தப்பு. எழுதினவன் நான். தப்பான பக்கத்துலருந்து படிச்சுட்டேன்."

நிர்வாகிக்கு முகம் கடுத்தது. "போன வாரம் எனக்கு ப்ராக்ஸின்னா என்னன்னு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தீங்களே?"

"எடுத்தேன் சார். வாத்தியாரே ஃபெயில்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அவனைத் தாண்டிக்கொண்டு கம்ப்யூட்டர்காரர் உள்ளே போனார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, பின் வரிசையில் சக்கர நாற்காலியில் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்த லாரி டிரைவருக்கு முன்னால் போய் நின்றார். அங்கிருந்துதான் சொல்ல ஆரம்பித்தார். டிரைவருக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஒருவேளை நான் செத்திருந்தா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

ஹெட் நர்ஸ் மட்டும் உட்காராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ என் மக..." என்றார் சித்தியிடம்.

"அவளுக்கு இதுல சம்பந்தமே இல்லம்மா."

சந்தோஷம் வரும் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அந்த அம்மாவின் முகம் இடிந்துபோயிற்று.

*

திரும்பும்போது ஹெட் நர்ஸ் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சஸ்பென்ஷன் போய்விட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று நிர்வாகி எழுந்து நின்று சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க," என்றான் ரேடியோ.

"நீங்க தெரியாம எழுதினீங்க தம்பி. நான் அவளைப் பெத்தவ. பத்தொன்பது வருஷம் தெரியும் அவளை. உங்களோட ஒத்தை வரிய நம்பினேன், அவளை நம்பல." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க வேற ரிப்போர்ட் எழுதிடலாம். நான் என்ன எழுத?"

வீடு வந்தது. அவர் இறங்கவில்லை. கை கதவுப் பிடியில் இருந்தது, திறக்கவில்லை. சித்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் ரேடியோதான் இறங்கிப் போய் மணியை அடித்தான்.

மகள் கதவைத் திறந்தாள். அவன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். பழைய இணைப்பு, அழிக்காத பட்டன், வலது பக்கம், இடது பக்கம். அவளைச் சமாதானப்படுத்த ஒரு ஜோக்காவது அடிக்கலாம் என்று பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

"அம்மா கேட்டப்போ இல்லன்னு சொல்லியிருக்கலாமே," என்றான் கடைசியில்.

"எதுக்குச் சொல்லணும்? அவங்க கேக்கலாம்னு நெனைச்சதே எனக்குத் தாங்கல." அவள் குரல் உடைந்தது. "உங்க தப்ப நீங்க வந்து சொல்லிட்டீங்க, அது போச்சு. அவங்க கேட்டது இன்னும் இந்தக் கூடத்துலயேதான் நிக்குது."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் அவனைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள். நேராகக் காருக்குப் போய்ப் பின் கதவைத் திறந்தாள். உள்ளே அவளுடைய அம்மா, இஸ்திரி கலைந்த கோட்டோடு, தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இஸ்திரிப் பெட்டிய ஆஃப் பண்ணாமலே போயிட்டே," என்றாள் மகள். "மேஜைத் துணி கருகிப்போச்சு. வீடே எரிஞ்சிருக்கும்."

"நீ... பாத்தியா?"

"பாத்தேன். நான்தான் ஆஃப் பண்ணேன். எறங்கு."

ஹெட் நர்ஸ் இறங்கினார். மகள் கை கொடுக்கவில்லை. ஆனால் கதவு வரைக்கும் பக்கத்திலேயே நடந்தாள். உள்ளே போனதும் கூடத்து விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவர் அழுகிற சத்தம் கேட்டது. இருவரில் யார் என்று ரேடியோவுக்குத் தெரியவில்லை.

அவன் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான். சித்தி சாவியைத் திருப்பாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஆபீஸ்ல முடிச்ச கேஸ் எத்தனை சித்தி, நான் லாக் பாத்துச் சொன்னது?"

"நிறைய இருக்குடா."

"எல்லாத்தையும் எடுங்க," என்றான் ரேடியோ. "எதையெதை இடது பக்கத்துலருந்து படிச்சேன்னு பாக்கணும்."